கல்லறைகளின் முன்னே ஒரு பாடகி

ராக் இசை என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் காதைப் பொத்திக்கொள்வது நம்மவரிற் பலருக்கு வழக்கம். மின்கிதாரின் அலறல், மேடைமீது கட்டுக்கடங்காத ஆட்டம், போதைப் பொருள், இளவயதுச் சாவு ஆகியவையே அவ்விசையைக் குறித்து நம்மிடையே நிலவும் சித்திரம். அது முற்றிலும் பொய்யன்று. ஆயினும் அந்தச் சித்திரத்துக்குள் அடங்காத ஒருவர் அவ்வுலகில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடியும் எழுதியும் வந்திருக்கின்றார். அமெரிக்க நாட்டுப் பட்டி ஸ்மித் அம்மையாரே அவர். ராக் மேடையில் பெண்கள் அவருக்கு முன்னரும் பாடியதுண்டு. ஆனால் தம் கவிதையைத் தாமே மேடையேற்றி, தாமே ஒரு வாத்தியக் குழுவை நடத்தி, பாடகி என்பவள் எப்படித் தோன்ற வேண்டும் என்று பிறர் வகுத்த விதிகளைப் புறக்கணித்து நின்ற பெண்களுள் அவர் முன்னோடி என்பதை எவரும் மறுப்பதில்லை.

அவரைப் பற்றி மேனாட்டார் எழுதியவற்றில் பெரும்பாலானவை 'கலகக்காரி' என்ற ஒரே சொல்லைச் சுற்றி வருகின்றன. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர் கலகம் செய்த காலம் குறைவு. மாணவியாய் அமர்ந்திருந்த காலமே மிகுதி. அரபு மொழியில் 'அதப்' என்னும் சொல் இலக்கியத்தைக் குறிக்கும். நன்னடத்தையையும், ஆசானின் முன் மாணவன் பேணவேண்டிய ஒழுங்கையும் அதே சொல் குறிக்கும். இலக்கியம் கற்றவனுக்கு ஒழுக்கம் வந்தே தீரும் என்று இதற்குப் பொருள் கொள்வாருண்டு; நம் அனுபவம் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. இறந்துபோன ஒரு புலவனுக்கு அவனைப் படித்தவன் பட்டிருக்கும் கடன் என்ன என்னும் கேள்வியில் அவ்விரு பொருளும் ஒன்றாகின்றன என்பதே நாம் கொள்ளும் கருத்து. பட்டி ஸ்மித்தின் பாட்டையும் உரைநடையையும் அந்தக் கேள்வியைக் கொண்டே நாம் அளக்க முற்படுகின்றோம்.

அவர் 1946 டிசம்பர் 30 ஆம் நாள் ஷிகாகோவில் பிறந்தார். பிலடெல்பியாவிலும் நியூஜெர்சியின் தென்பகுதியிலும் வளர்ந்தார். தந்தை ஆலைத் தொழிலாளி. தாய் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தவர். தாய் யெகோவா சாட்சிகள் சபையைச் சார்ந்தவர் என்பதால் சிறுமியும் அச்சபையின் போதனையிலேயே வளர்ந்தார். பன்னிரண்டாம் வயதளவில் பிலடெல்பியா கலைக்கூடத்துக்குக் குடும்பத்தார் அழைத்துச் சென்றனர். அங்கே பிக்காஸோவின் ஓவியங்களைக் கண்டது அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. வரவிருக்கும் இறையரசில் இந்தக் கலைகளுக்கெல்லாம் இடமில்லை என்று சபையில் அறிந்தபோது, அச்சிறுமி சபையை விட்டு விலகினாள். சமயக் கல்வி புகட்டும் நம்மைப் போன்றோர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். அந்தப் பெண்ணைச் சபையிலிருந்து வெளியேற்றியது நாத்திகமன்று. அழகைக் குறித்து அவள் கேட்ட கேள்விக்கு அங்கிருந்தோர் வைத்திருந்த விடை அத்துணைக் குறுகியது.

பதினாறாம் வயதில் பிலடெல்பியாவின் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு புத்தகக் கடையில் பிரெஞ்சுக் கவிஞன் ரிம்போவின் 'இல்யூமினேஷன்ஸ்' நூலைக் கண்டார். கையில் காசில்லை, திருடிக்கொண்டார். இதை அவரே பின்னாளில் எழுதியிருக்கின்றார். நல்ல நூலைத் திருடுவது திருட்டாகாது என்று நம் மாணவரிற் சிலர் பேசும் நியாயம் நமக்கு உடன்பாடன்று. ஆயினும் அந்த நூலுக்கு அவர் வாழ்நாள் முழுதும் விலை கொடுத்து வந்தார் என்பதையும் மறைப்பதற்கில்லை. கோடை விடுமுறையில் ஆலையொன்றில் வேலை செய்தபோது அந்நூலே துணை. அந்த ஆலையின் வெக்கையையும் இழிவையும் சொல்லும் பாட்டு, 1974 இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இடம்பெற்றது.

1967 இல் கையில் பணமின்றி நியூயார்க் வந்தார். புத்தகக் கடைகளில் வேலை. ராபர்ட் மேப்பிள்தோர்ப் என்னும் இளைஞரோடு வறுமையில் வாழ்ந்தார். அவர் பின்னாளில் பெரும் புகழும் பெரும் பழியும் பெற்ற புகைப்படக் கலைஞர். 1971 பிப்ரவரி 10 ஆம் நாள் புனித மாற்கு தேவாலயத்தில் பட்டி ஸ்மித் கவிதை வாசித்தார். லென்னி கே கிதார் மீட்டினார். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் பிறந்த நாள் அது. அதை நினைவுகூர்ந்து பிரெக்ட்டின் பாட்டொன்றைப் பாடி, அந்த மாலையைக் காபீல் தொடங்கிப் பிரெஞ்சு எழுத்தாளர் ஜெனே ஈறாகக் குற்றவாளிகள் அனைவருக்கும் காணிக்கையாக்கினார். இருபத்துநான்கு வயதின் துடுக்கு அது. ஆனால் துடுக்கிலும் ஒரு சில்சிலாவை, தமக்கு முன் வந்தோரின் தொடரை, சொல்லிவிட்டே அவர் வாய் திறந்தார் என்பது நோக்கத்தக்கது.

1975 இல் 'ஹார்ஸஸ்' என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. அதன் அட்டையில் மேப்பிள்தோர்ப் எடுத்த படம்: வெள்ளைச் சட்டை, தோளில் தொங்கும் கறுப்பு மேலங்கி, ஒப்பனையற்ற முகம், எவரையும் மயக்க விரும்பாத பார்வை. முதற் பாடலின் முதல் வரியிலேயே தம் பாவங்களுக்கு ஈஸாவின் பரிகாரத்தை ஏற்க மறுக்கின்றார். கிறிஸ்தவ உலகம் திடுக்கிட்டதில் வியப்பில்லை. தம் பாவச்சுமையைத் தாமே ஏற்கும் உறுதியையே அவ்வரி சொன்னதாக அவர் பின்னர் விளக்கினார். அந்த வரியைப் பற்றி எழுதிக் குவித்தவர்கள் அப்பாடலின் கட்டுமானத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. நமக்கோ அதுவே சுவையானது. 'குளோரியா' என்பது வான் மாரிஸன் 1964 இல் பாடிய பாட்டு. பட்டி ஸ்மித் அதை அப்படியே பாடவில்லை. தம் கவிதையை முன்னே நிறுத்தி, படிப்படியாக ஏறி, பழைய பாட்டின் பல்லவியில் போய்ச் சேருகின்றார். நம் மதரஸாக்களில் 'தக்மீஸ்' என்று ஒன்று பயிற்றுவதுண்டு. முன்னோன் ஒருவனின் ஈரடியை எடுத்து, அதன் தலையில் மூன்று அடிகளைச் சேர்த்து ஐந்தாக்குவது. கஸீதத்துல் புர்தாவுக்கு எத்தனையோ தக்மீஸ்கள் உண்டு. சேர்ப்பவன் தன் திறமையைக் காட்டலாம். ஆனால் முடிவு முன்னோனுடையதாகவே இருக்க வேண்டும். அதே இசைத்தட்டிலுள்ள 'லேண்ட்' என்னும் நீண்ட பாட்டும் ஒரு பழைய நடனப் பாட்டின்மேல் இவ்வண்ணமே எழுப்பப்பட்டது. தக்மீஸ் என்ற சொல்லை அவர் கேட்டிருக்க நியாயமில்லை. முறை மட்டும் அதுவே.

இசைத்தட்டின் கடைசிப் பாட்டு ஜிமி ஹென்றிக்ஸுக்கு இரங்கற்பா. அவர் கட்டிய ஒலிப்பதிவுக் கூடத்திலேயே அது பதிவாயிற்று. அக்கூடம் திறந்த 1970 இல் மாடிப்படியில் ஹென்றிக்ஸைச் சந்தித்ததையும், சில வாரங்களில் அவர் இறந்ததையும் பட்டி ஸ்மித் எழுதியிருக்கின்றார். ஒருவர் தம் முதற் பெருநூலை மர்ஸியாவோடு முடிப்பதை அக்காலத்து விமர்சகர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் வந்தவற்றை நோக்கினால் அதுவே வித்து.

இனி ரிம்போவுக்கும் ஹராருக்கும் வருவோம். நம் வாசகருக்கு நெருங்கிய செய்தி இது.

ரிம்போ இருபது வயதளவிலேயே கவிதையைக் கைவிட்டவன். 1880 இல் ஏடன் வந்து, அங்கிருந்து அபிசீனியாவின் ஹரார் நகரை அடைந்து, காப்பிக்கொட்டையும் தோலும் தந்தமும் வாணிகம் செய்தான். மெனலிக் மன்னனுக்குத் துப்பாக்கியும் விற்றான். அவன் தந்தை அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி அரபு கற்றவர். மகனும் ஹராரிலிருந்து 1883 இல் குர்ஆனின் நல்ல பிரெஞ்சு மொழிபெயர்ப்பொன்றை அனுப்பும்படி எழுதிக் கேட்டான். நோயுற்றுத் தாய்நாடு திரும்பி, காலை இழந்து, 1891 நவம்பர் 10 ஆம் நாள் மார்செய்யில் முப்பத்தேழாம் வயதில் இறந்தான். ஹராருக்குத் திரும்பிவிட வேண்டுமென்ற ஆசை கடைசிவரை இருந்தது.

1973 இல் பட்டி ஸ்மித் எத்தியோப்பியா செல்ல விரும்பினார். ரிம்போவின் தொலைந்த கையெழுத்துப் பிரதிகள் அங்கே கிடைக்கும் என்பது கனவு. அதற்குப் பணம் கொடுப்பாரில்லை. ஆகவே பிரான்சின் சார்ல்வில் நகருக்குச் சென்று, அவன் கல்லறையின் முன்னிருந்த தாழியில் ஹராரின் நீலக் கண்ணாடி மணிகளை இட்டு வந்தார். அவனால் ஹராருக்குத் திரும்ப இயலாமற் போனதால் ஹராரை அவனிடம் கொண்டு சேர்த்ததாக அவர் கருதினார். கப்ரு ஜியாரத் பற்றி நம்மிடையே நடக்கும் வாதங்களை இங்கே இழுக்கத் தேவையில்லை. கல்லறையின் முன் வெறுங்கையோடு நில்லாமல், உள்ளே கிடப்பவனுக்குக் கிட்டாமற் போனதைக் கொண்டு செல்வது அன்பின் நுட்பம் என்பதை எக்கட்சியினரும் ஒப்புவர்.

ஆனால் இந்த அன்பில் ஒரு குறையும் உண்டு. ஹரார் வெறும் மணிகளின் ஊரன்று. மதில் சூழ்ந்த அந்நகரில் 82 பள்ளிவாசல்களும் 102 அடக்கத்தலங்களும் உள்ளன. 2006 இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. ஆலிம்களும் வணிகர்களும் ஏட்டுச் சுவடிகளும் நிறைந்த ஊர். மேனாட்டு ரிம்போ அன்பர்களுக்கோ அது ஒரு கவிஞன் வாய்மூடிப்போன பாலைநிலம் மட்டுமே. பட்டி ஸ்மித்தும் அந்நாளில் இதற்கு விலக்கல்லர். 1976 இல் 'ரேடியோ எத்தியோப்பியா' என்று இசைத்தட்டு வெளியிட்டார். அதன் தலைப்புப் பாட்டு பத்து நிமிட நேரம் கிதார் இரைச்சலாகவே ஓடுகின்றது, சொற்கள் விளங்கா. அது ரிம்போவின் இறுதி வேட்கையை ஒலியாக்கும் முயற்சி என்று சொல்லப்படுவதுண்டு. இருக்கலாம். ஆனால் அந்த வானொலியில் எத்தியோப்பியர் ஒருவரின் குரலும் கேட்பதில்லை.

1977 ஜனவரியில் புளோரிடாவின் டாம்பா நகரில் பாடிக்கொண்டே சுழன்றவர் மேடையிலிருந்து கீழே விழுந்து கழுத்தெலும்பு முறிந்தார். 1978 இல் வந்த 'ஈஸ்டர்' அவருக்குப் பெரும் வெற்றி தந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுடன் சேர்ந்து எழுதிய பாட்டு வானொலியெங்கும் ஒலித்தது. அதே இசைத்தட்டில் கறுப்பு மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல்லைத் தலைப்பிலேயே தாங்கிய பாட்டொன்றும் உண்டு. ஊராரால் ஒதுக்கப்பட்ட கலைஞர் எல்லோருக்கும் அச்சொல்லைப் பட்டமாக்குவது அவர் எண்ணம். இதை நாம் ஏற்பதற்கில்லை. ஒரு சொல்லின் காயத்தைச் சுமந்தவரே அதைப் பட்டமாக்கும் உரிமை உடையவர். பிறர் அதை அணிந்துகொள்வது இரவல் நகை. அதபின் அளவுகோலில் இது அவருடைய தாழ்ந்த இடம்.

1979 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பெருங்கூட்டத்தின் முன் பாடிவிட்டு மேடையை விட்டிறங்கினார். 1980 இல் ப்ரெட் ஸ்மித் என்னும் கிதார் கலைஞரை மணந்து டெட்ராயிட் நகரின் புறத்தே குடும்பம் நடத்தினார். இரு குழந்தைகள் பிறந்தனர். பதினைந்து ஆண்டுகளில் ஒரே ஓர் இசைத்தட்டு. அதை வீணாய்ப்போன காலம் என்று எழுதியோர் பலர். அவரோ அவ்வாறு கருதவில்லை. குழந்தைகள் விழிக்குமுன், வைகறையில் எழுந்து எழுதும் பழக்கம் அப்போதே தமக்குக் கைவந்தது என்கின்றார். புகழில் இருந்தவர் ஒருவர் துணி துவைத்தும் சமைத்தும் விடியற்காலையில் எழுதியும் தம் நடையைத் திருத்திக்கொண்டதை நாம் குறைத்து மதிப்பிடமாட்டோம்.

அதன்பின் சாவுகள் தொடர்ந்தன. 1989 இல் மேப்பிள்தோர்ப். 1990 இல் குழுவின் பியானோ கலைஞர் ரிச்சர்ட் சோல். 1994 நவம்பரில் கணவர். அடுத்த மாதமே உடன்பிறந்த தம்பி டாட். 1996 இல் வெளிவந்த 'கான் எகெய்ன்' இந்தச் சாவுகளின் இசைத்தட்டு. அரபுக் கவிதை பயின்றோர்க்கு இங்கே கன்ஸா (ரலி) அவர்களின் நினைவு வராமற் போகாது. முஆவியா, ஸக்ர் என்னும் இரு சகோதரரையும் இழந்து, ஸக்ரின் மீது அவர்கள் பாடிய இரங்கற்பாக்களே அரபு மொழியில் மர்ஸியாவுக்கு இலக்கணமாயின. தமிழில் கையறுநிலை என்னும் துறை அதற்கு நிகர். கன்ஸாவின் கவிதை இறந்தவனின் பெருமைகளை அடுக்கி மலைபோல் உயர்த்தும். பட்டி ஸ்மித் அவ்வழி செல்லவில்லை. கணவர் இறப்பதற்குமுன் அவருக்குக் கிதாரின் எளிய சுரக்கட்டுகளைக் கற்றுக்கொடுத்திருந்தார். இசைத்தட்டின் இறுதிப் பாட்டில், பாடத் தொடங்குமுன் அச்சுரக்கட்டுகளின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொள்கின்றார். பாடம் ஒப்பிக்கும் பிள்ளை போன்ற குரல். நாற்பத்தொன்பது வயதுப் பெண், இறந்த ஆசானிடம் கற்ற பாடத்தை மறக்கவில்லை என்று சொல்லும் அவ்விடம், அவருடைய உரத்த பாட்டுகள் அனைத்தினும் நம்மை அதிகம் அசைத்தது.

மேப்பிள்தோர்ப் இறக்குமுன் தம் இருவர் கதையையும் எழுதும்படி கேட்டுக்கொண்டார். அந்த வாக்கைக் காக்க இருபது ஆண்டுகள் ஆயின. 2010 இல் வந்த 'ஜஸ்ட் கிட்ஸ்' அமெரிக்க தேசியப் புத்தகப் பரிசு பெற்றது. நூலில் சில இடங்களில் நடை தேவைக்கு மேல் சந்தனம் பூசிக்கொள்கின்றது. நண்பரின் வாழ்க்கையில் கேள்வி கேட்க வேண்டிய பக்கங்களில் அவர் மெல்லக் கடந்து விடுகின்றார். ஆனால் பசியைப் பற்றியும், இருவரிடமும் ஒரே நுழைவுச்சீட்டுக்கே காசிருக்க ஒருவர் வெளியே காத்திருந்து மற்றவர் கண்காட்சி பார்த்து வந்து சொன்னதைப் பற்றியும் எழுதும்போது ஒரு சொல் கூடுதலில்லை.

2015 இல் வந்த 'எம் ட்ரெய்ன்' வேறு வகை. காப்பிக்கடை, தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்கள், பழைய போலராய்டு காமிரா, பயணங்கள் என்று அலைந்து திரியும் நூல். இவையே அவருடைய நாட்டங்கள். துப்பறியும் தொடர் பற்றிய பக்கங்களைப் புரட்டிவிட்டுச் செல்லலாம். கல்லறைகள் வரும் பக்கங்களைப் புரட்ட முடியாது. ஜப்பானில் அகுதகவா, தஸாய் ஆகிய எழுத்தாளர்களின் கல்லறைகளைத் தேடிச் செல்கின்றார். இங்கிலாந்தில் சில்வியா பிளாத்தின் கல்லறைக்கு ஒருமுறைக்கு மேல் போகின்றார். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் தட்டச்சுப் பொறி, வர்ஜீனியா உல்பின் கைத்தடி, ப்ரீடா காலோவின் ஊன்றுகோல் என்று பெரியோர் தொட்ட பொருள்களைப் படமெடுத்து வைத்திருக்கின்றார். நம்மவர் தபர்ருக் என்று சொல்லும் மனநிலைதான். சமயத்தை விட்டு வெளியேறிய பெண் சமயத்தின் சாயல்களை ஒன்றொன்றாகத் தேடி எடுத்துக்கொண்டதை இங்கே காண்கின்றோம்.

அந்நூலின் தொடக்கத்தில் தென்னமெரிக்காவில் பிரெஞ்சுக் கயானாவின் பாழடைந்த சிறைக்குக் கணவரோடு செல்கின்றார். ஜெனே இளமையில் அச்சிறைக்கு அனுப்பப்பட ஏங்கியவர். அவர் முறை வருமுன் அது மூடப்பட்டது. அங்கிருந்து சில கற்களைத் தீப்பெட்டியில் எடுத்துக்கொண்டார். ஜெனே 1986 இல் இறந்து மொராக்கோவின் லராஷ் நகரில் அடங்கினார். பல ஆண்டுகள் கழித்து, கணவரும் இல்லாத நாளில், அந்தக் கற்களை லராஷில் அவர் மீஸான் கல்லின் அருகே சேர்த்தார். ஹராரின் மணிகளும் கயானாவின் கற்களும் ஒரே கையின் வேலை. இடையே நாற்பதாண்டு.

ஜெனேயைப் பற்றி நம் வாசகர் அறியவேண்டியது இன்னொன்று. பாலஸ்தீனப் போராளிகளோடு வாழ்ந்தவர் அவர். 1982 செப்டம்பரில் ஷத்தீலா முகாமில் படுகொலை நடந்த சுவடு ஆறுமுன் உள்ளே சென்று கண்டதை எழுதியவர். கடைசி நூலையும் அம்மக்களைப் பற்றியே எழுதினார். திருடனாய்த் தொடங்கியவர் சாட்சியாய் முடிந்தார்.

பட்டி ஸ்மித்திடமும் பிற்காலத்தில் அத்தகைய ஒரு நகர்வு தெரிகின்றது. ஈராக் மீது அமெரிக்கா படையெடுத்த மறு ஆண்டு, 2004 இல், 'ரேடியோ பக்தாத்' என்னும் நீண்ட பாட்டை வெளியிட்டார். தலைப்பே 1976 ஆம் ஆண்டுத் தலைப்பை நினைவூட்டும். இந்த வானொலியில் ஒரு குரல் கேட்கின்றது. குண்டு விழும் இரவில் குழந்தைகளை உறங்கவைக்கும் பக்தாத் தாயின் குரல் அது. பூஜ்யத்தை உலகுக்குத் தந்தது பக்தாத் என்ற பொருளில் அதில் ஒரு செய்தி வருகின்றது. ஆசிரியர் என்ற முறையில் திருத்த வேண்டியிருக்கின்றது: பூஜ்யம் பாரதத்தில் பிறந்தது, பக்தாதின் அல்-குவாரிஸ்மி போன்றோர் அதைக் கற்று மேற்கே கடத்தினர், 'ஸிப்ர்' என்ற அரபுச் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் திரிந்து வழங்குகின்றது. தாலாட்டு வெறியாக மாறும் நடுப்பகுதியிலும் பழைய இரைச்சல் தலைகாட்டுகின்றது. ஆயினும் இரு வானொலிகளையும் அடுத்தடுத்துக் கேட்பவர் வேறுபாட்டை உணர்வர். முன்னதில் ஊர் ஒரு பெயர். பின்னதில் ஊருக்கு வாயுண்டு.

2006 ஜூலையில் லெபனானின் கானா கிராமத்தில் இஸ்ரேலியக் குண்டுவீச்சில் குழந்தைகள் மாண்டபோது அதன் பெயராலேயே ஒரு பாட்டு எழுதினார். அதே ஆண்டில் இன்னொரு பாட்டும் வந்தது. ஜெர்மனியின் பிரேமன் நகரில் பிறந்த துருக்கியர் முராத் குர்னாஸ், குற்றம் எதுவும் நிரூபிக்கப்படாமல் குவாந்தனாமோ சிறையில் ஆண்டுக்கணக்கில் அடைக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் விடுதலையானவர். விலங்கில்லாமல் நடக்க மீண்டும் பழகும் கால்களைப் பற்றியது அப்பாட்டு. மெல்லிய இசை, கூச்சல் இல்லை, தம்மைப் பற்றி ஒரு சொல் இல்லை. குர்னாஸ் தம் சிறை அனுபவங்களை எழுதினார். 2008 இல் அந்நூலின் ஆங்கிலப் பதிப்பு வெளிவந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் பட்டி ஸ்மித் அம்மையார்.